பாங்காக்கில் பறிபோன வைக்கோல்

விருத்தாசலத்தில் நாங்கள் பீங்கான் பொம்மை செய்கிறோம். எந்த ஊருக்கு அனுப்பினாலும் வைக்கோல் வைத்துத்தான் கட்டுவோம். பாங்காக்கில் இருக்கும் என் மகள், அங்கே ஒரு கடைக்காரர் சாம்பிள் கேட்கிறார் என்றதும், பன்னிரண்டு யானைப் பொம்மைகளை அதேபோல் கட்டிக்கொண்டு முதல்முறையாக விமானம் ஏறினேன்.

அங்கே இறங்கியதும் சோதனை அதிகாரி பெட்டியைத் திறந்தார். வைக்கோலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெட்டியை ஓரமாக இழுத்து வைத்துவிட்டார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. வெளியே காத்திருந்த மகளுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் பேசிவிட்டுத் திருப்பித் தந்ததும் மகள் சொன்னாள்:

"வைக்கோல்ல பூச்சி வரும்னு உள்ள விடமாட்டாங்களாம்மா. பொம்மைய மட்டும் எடுத்துக்கலாமாம். ஆனா உடையாம எப்படிக் கொண்டாருவ?"

"அத நான் பாத்துக்கறேன். நீ அங்கயே இரு" என்றேன்.

தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு யானையையும் ஒரு துரும்பு இல்லாமல் துடைத்து, என் துணிப்பெட்டியில் இருந்த ஆறு சேலைகளிலும் சுற்றினேன். கடைசி யானையை அதிகாரியே துடைத்துக் கொடுத்துச் சிரித்தார்.

கடையில் பிரித்தபோது ஒரு தும்பிக்கைகூட உடையவில்லை! கையோடு ஆர்டரும் கிடைத்தது.

முதல்முறை வெளிநாடு போகிறவர்களே, வைக்கோல், விதை, செடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அந்த ஆர்டரைப் பழைய சேலைகளில் சுற்றித்தான் அனுப்பினேன். வைக்கோல் எங்கள் ஊர் மாடுகளுக்கே இருக்கட்டும்.