சூடு பிடிக்காத வானும் பிலோமினா அக்காவும்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. போன சனிக்கிழமை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பையைக் கட்டியபடி, "மிஸியின்ரை செத்தவீட்டுக்குப் போறியளோ அண்ணை? இஞ்சையிருந்து டூட்டிங்குக்கு வான் ஒண்டு பிடிக்கிறம்" என்றார். எந்த மிஸி என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்கட பிலோமினா மிஸிதான். வியாழக்கிழமை முடிஞ்சுதாம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும்படியாக நான் நடந்துகொள்ளவும் இல்லை. அவருடன் பேசி நாலு வருடமாகிறது. வீடு வந்து சேரும்வரை என்மீதே எரிச்சலாக இருந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

எங்கள் முதியோர் நிலையத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவர். லண்டனில் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஓட்டிய நிலையத்து வானில் உதவியாளராக வந்தார். முதியவர்களைக் கைபிடித்து ஏற்றி, இருக்கைப் பட்டி போட்டு, இறக்கிவிடுவது வேலை. ஊரில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல அவர்கள் எல்லோரும் அவரை 'மிஸி' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தை லண்டனில் அவருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

காலையில் குட்மேய்ஸில் முதல் ஆளை ஏற்றுவோம். செவன் கிங்ஸ், இல்ஃபோர்ட், ஃபாரஸ்ட் கேட் வழியாக ஈஸ்ட் ஹாமில் இருந்த மண்டபத்துக்குப் போவோம். வான் பழையது, பெட்ரோலில் ஓடுவது. ஒரு வருடம் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இரண்டு தொல்லைகள். ஹீட்டரை முழுதாகத் திருப்பினாலும் ஃபாரஸ்ட் கேட் வரும்வரை குளிர்காற்றுத்தான் வரும். ஒரு கிழமைக்குப் போதுமான பெட்ரோல் புதன்கிழமையே முடிந்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோனேன். ஹீட்டர் குழாயைக் கழுவித் தந்தார்கள். சரிவரவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். பிளக்குகளை மாற்றினார்கள். அப்போதும் சரிவரவில்லை. மூன்றாம் முறை போனபோது அந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் எல்லா வண்டியும் கூடத்தான் குடிக்கும், கிழவர்களுக்குப் போர்வை கொடு என்றான்.

போர்வை கொடுத்தோம். முன்னிருக்கையில் வரும் செல்லத்துரை மாஸ்ரருக்கு எண்பது வயது. இரண்டு போர்வைக்குள்ளும் அவருடைய முழங்கால்கள் நடுங்குவது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் எனக்குத் தெரியும். "தம்பி, பின்னுக்கு இருக்கிற பொம்பிளையளுக்குச் சூடு வருதோ?" என்று கேட்பார். வருகிறது என்று பொய் சொல்லுவேன்.

நிலையத்தை நடத்திய சங்கத்தின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு பெட்ரோல் எங்கே போகிறது, வானை எங்கே கொண்டு திரிகிறாய் என்று கேட்டார். அவருடைய மேசையில் இன்னொரு சாரதியின் விண்ணப்பம் கிடந்தது. அதை நான் காணவேண்டும் என்றே வைத்திருந்தாரோ என்னவோ. அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். வேலை போனால் என்ன செய்வதென்று தெரியாது. வான் ஏன் இப்படிக் குடிக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் தெரியாது என்று நான் சொல்லவில்லை. "பிலோமினா அக்கா ஆக்களை டொக்டரிட்டையும் மருந்துக்கடைக்கும் சுத்திக் கொண்டுபோகச் சொல்லுவா. அவ சொன்னா நான் என்ன செய்யிறது?" என்றேன். இரண்டு தடவை அப்படிப் போயிருந்தோம். இரண்டும் மாஸ்ரருக்காக. நான் சொன்ன விதத்தில் அது தினமும் நடக்கும் சங்கதியாகிவிட்டது.

அடுத்த கிழமை அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாசித்து மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசினார். இன்னொன்றும் செய்தார். ஆட்களின் வரவு எழுதும் தாளின் பின்பக்கத்தில், ஒவ்வொரு தரிப்பிலும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதத் தொடங்கினார். வார்டில் காய்ச்சல் எழுதுவதுபோல, நேரத்தோடு. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. "அக்கா, கராஜ்காரனுக்கே விளங்கேல்லை" என்றேன்.

"அவன் ஒரு நாளாவது இதிலை இருந்து ஓடிப் பார்த்தவனோ?" என்றார்.

அந்தக் கிழமை முடிவில் மாஸ்ரருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை முன்னிருக்கை வெறுமையாக இருந்தது. மண்டபத்து முற்றத்தில் எல்லோரையும் இறக்கிய பிறகு அக்கா தாளை என் முன் நீட்டினார்.

"வடிவாப் பாரும் சிவம். ஓடேக்கை முள்ளு கீழை போகுது. சிக்னலிலை நிண்டா மேலை வருது. ஓட ஓட எஞ்சின் ஆறுது. நீங்கள் எல்லாரும் பெட்ரோல் ஒரு வருத்தம், ஹீட்டர் இன்னொரு வருத்தம் எண்டு பார்க்கிறியள். நோயாளி ஒண்டு, வருத்தமும் ஒண்டு. எஞ்சினிலை சூடு பிடிக்காட்டி ஹீட்டருக்குச் சூடு எங்கையிருந்து வரும்?"

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. தேர்மோஸ்டாட் என்ற சின்ன அடைப்பு ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அது மறித்து நிற்கவேண்டும். அது திறந்தபடி இறுகிப்போனால், குளிர்ந்த தண்ணீர் ஓயாமல் எஞ்சினுக்குள் வந்துகொண்டிருக்கும். எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறதென்று வண்டி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஹீட்டருக்கும் அதே ஆறின தண்ணீர்தான். அதைச் சொன்னேன்.

"அப்ப அது மறிக்குதோ இல்லையோ எண்டு எப்படிப் பார்க்கிறது?"

"காலமை ஸ்டார்ட் பண்ணின உடனை ரேடியேட்டருக்குப் போற மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்துக்கு அது குளிராத்தான் இருக்கவேணும்."

மறுநாள் காலை, ஒருவரையும் ஏற்றமுன், நான் எஞ்சினை முடுக்கினேன். அக்கா கையுறையைக் கழற்றி, மேல் குழாயில் விரல்களை வைத்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. "இளஞ்சூடு வருது. இது மறிக்கேல்லை. கராஜுக்கு விடும்" என்றார்.

மெக்கானிக் மறுத்தான். தான் இருமுறை பார்த்துவிட்டதாகச் சொன்னான். அக்காவின் ஆங்கிலம் மெதுவானது, ஆனால் பிழையில்லாதது. தாளை அவனுடைய பெஞ்சில் விரித்து, நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அதைக் கழற்றிக் காட்டும்வரை வெளியே நிற்கப்போவதாகச் சொன்னார். நின்றார். உறைபனியில் ஒரு மணித்தியாலம். நான் உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

கழற்றி எடுத்தபோது அது பச்சைத்தண்ணியாய்க் குளிர்ந்திருந்தது. ஆனாலும் குளிரில் மூடியிருக்கவேண்டிய வாய் திறந்திருந்தது. நடுவில் விரல் நுனி போகுமளவுக்கு இடைவெளி. அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றான். அடுத்த நாள் செவன் கிங்ஸ் வரும்போதே வானுக்குள் சூடு வந்துவிட்டது. பின்னாலிருந்த பெண்கள் கம்பளித் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்கள். பெட்ரோலும் கிழமை முழுதும் போதுமானதாயிற்று. மாஸ்ரர் மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு எங்கள் வானில் ஏறவே இல்லை.

வானுக்குள் சூடு வந்த அன்று மாலையே, செயலாளரிடம் நான் சொன்னதை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். சொல்லி முடிக்கவிடவில்லை.

"தெரியும். கடிதத்திலை இருந்ததெல்லாம் உம்மட வசனம். 'சுத்திக் கொண்டுபோறது' எண்டு வேறை ஆர் சொல்லுறது?"

"ஏன் அக்கா கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீர் வெக்கத்திலை வேலையை விட்டிருப்பீர். பிறகு சனத்தை ஆர் ஏத்திறது?" வான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும் சிவம். அது ஒரு குறைச்சலும் இல்லை."

செயலாளரிடம் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். போகவில்லை. வான் சரியாகிவிட்டது, இனி ஏன் கிளறுவான் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன். அந்த வருடம் அக்கா திரும்பவும் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். வேலையிடத்திலிருந்து நற்சான்று கேட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் அப்படியே கிடந்தது. செயலாளர் அதையும் சேர்த்து எழுதி அனுப்பினார். இடம் கிடைக்கவில்லை. மேலும் இரண்டு வருடம் அவர் எங்கள் முதியவர்களைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகுதான் இடம் கிடைத்து, டூட்டிங் பக்கம் போய், நாற்பத்தாறு வயதில் தாதிச் சீருடை போட்டார். அதன் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்பது பாதி உண்மை.

அன்று சங்கத்தில் பொறுப்பிலிருந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். அந்தக் குளிர்காலத்தில் பெட்ரோலைக் குடித்தது மூடாத ஒரு அடைப்பு. பிலோமினா அக்கா வானை எங்கும் சுற்றவிடவில்லை. நான் சொன்னது பொய்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு வசனம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதன் பிறகு பழகிக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்லத்தான் அவர் சாகும்வரை காத்திருந்திருக்கிறேன்.