டிரைவரை எழுதுவதா, வாங்குவதா?

நண்பர்களே, இன்று தி.நகரில் ஒரு சாம்ராஜ்யத்தைத் துறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

வேறு ரகக் கம்ப்யூட்டரில் பதிந்த டிஸ்க்கை நம் கம்ப்யூட்டரும் படிக்க டிரைவர் என்றொரு புரோகிராம் வேண்டும். எங்கள் ஆபீஸில் அதை எழுதுபவன் மூவுலகிலும் நான் ஒருவனே. என் டிரைவர் டிஸ்க்கை அற்புதமாகப் படிக்கும். அதில் எதையாவது எழுதச் சொன்னால்தான் மொத்தத்தையும் அழித்துவிடும்.

இதைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் வாயைத் திறந்தால், அத்தனை பேரும் தயிர்சாதத்தைப் பாதியில் விட்டுப் பரங்கிமலை வரை ஓடுகிறார்கள். வீட்டிலும் கேட்க ஆளில்லை. பேச்செல்லாம் மானிட்டரோடுதான்.

இன்று எங்கள் இளம் முதலாளி பாஸ்கர் வந்தார்.

"மாமா, முடிவா சொல்லுங்க. நீங்களே எழுதி முடிக்கறீங்களா, இல்ல வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கிடலாமா?"

"வாங்கினா என்னப்பா தருவான்?"

"ரெடியா டிரைவர் தருவான். சந்தேகம் கேட்டா பதில் எழுத ஒரு இன்ஜினியர் இருக்காராம்."

"டிரைவரை எழுதினவனேவா?"

"அவரேதான். தனியா உட்கார்ந்து எழுதினாராம்."

"வாங்கிடு."

"என்ன மாமா! நேத்துகூட 'என் பிணத்து மேலதான் லைசென்ஸ்'னு கத்தினீங்களே!"

"இன்னிக்கு உயிர் வந்துடுச்சுப்பா."

மாலையிலிருந்து அந்த இன்ஜினியருக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது என்பதுதான் இப்போது பிரச்சினை. பதில் நாலு பக்கமாவது வரும்படி நல்ல சந்தேகம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.