டீக்கு நிற்காமல் போன ஃபாதர்

ஜெரால்டு ஃபாதர் போய்விட்டார்... நேற்று காலை பூசை முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம். முப்பத்தாறு வயது!

அழுதுகொண்டே எழுத வரவில்லை எனக்கு. அந்த மனுஷனை நினைத்தாலே உற்சாகம் பொங்குகிறது, என்ன செய்ய?

ஆனால் முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் "புது ஃபாதருக்குத் தலைக்கனம்" என்று இங்கே ஒரு போஸ்ட் போட்டேனே... அது இவரைத்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் என் டீக்கடை. அன்று பைக்கில் போனவரை "ஃபாதர், டீ குடிச்சிட்டுப் போங்க!" என்று கூப்பிட்டேன். பார்த்தார், பதிலே சொல்லாமல் போய்விட்டார்.

நமக்குத்தான் கோபம் மூக்கு மேல் வருமே... உடனே எழுதிவிட்டேன். நீங்களும் லைக் போட்டுத் தள்ளினீர்கள்.

ஒரு மணி நேரத்தில் கடை முன்னால் அதே பைக். முகமெல்லாம் சிரிப்பு!

"அண்ணாச்சி, போவும்போது நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போனேன். ஆண்டவரே எங்கூட வாராரு, வழியில யார்ட்டயும் பேசமாட்டேன். இப்ப நான் மட்டும்தான். ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுங்க!"

பூசையில் ஆசீர்வதித்த அப்பம்தான் நற்கருணை. அதை எடுத்துப் போகும்போது, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியே நடந்துகொள்வார்.

அவர் கிளம்பியதும் போஸ்ட்டை டெலீட் செய்தேன். பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்து, மூச்சு விடவில்லை.

போன சீசனில், நல்ல சாரல்... அவர் பைக் என் கடை முன்னாலேயே பஞ்சர். வாய் திறக்காமல் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

புரிந்துவிட்டது! என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். குற்றாலம் வரை நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்! நம்புங்கள்!

வழியில் என் மாமா மகன் கத்தினான்: "ஏலே, கூப்பிடுதேன்லா, பேச மாட்டுக்க... அவ்வளவு தலைக்கனமா?"

இன்று கோயிலில், ஃபாதருக்கு உதவியாக இருந்த உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஒங்க போஸ்ட்ட நான்தான் காட்டுனேன். 'பாவம், அண்ணாச்சி மனசு நொந்துட்டாவ'ன்னு சொல்லி, உடனே வண்டிய எடுத்தாரு."

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்! படித்துவிட்டு, என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறார்...

ஃபாதர், அன்று எல்லோர் முன்னாலும் ஏசினேன். இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்... மன்னிச்சிருங்க.

நல்லபடியா போயிட்டு வாங்க ஃபாதர்.