மாடி அங்கிளின் ஐந்தாவது நாற்காலி

முதுகில் சிவப்பு பெயின்ட்டில் கடையின் முதலெழுத்து போட்ட வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, வேங்கிக்காலில் என் வீட்டு பால்கனியில் கிடக்கிறது. பந்தல் கடைக்குச் சொந்தமானது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். துணிக்கூடை வைப்பேன், பூந்தொட்டி வைப்பேன், உட்கார மட்டும் மாட்டேன். விருந்தாளி யாராவது அதை இழுத்தால் "கால் ஆடுதுங்க" என்று சொல்லி வேறு நாற்காலி கொடுப்பேன். அதன் கால் ஆடியதே கிடையாது.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய வீட்டின் மாடியில் அமெரிக்காக்காரர் ஒருவர் குடியிருந்தார். எங்களுக்கு அவர் மாடி அங்கிள். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குடிவருவது அதிசயமில்லை. தியானம் செய்வார்கள், வயிறு கெடும், விசா முடியும், கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பவில்லை. ஊரே சுற்றிவரும் மலையைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அவருடைய ஊரில் ஒரு கன்ட்ரி ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். "கிராமத்துப் பாட்டு, கரன்ட் கிட்டார், ரெண்டும் சேர்த்துதாம்மா" என்று அம்மாவுக்கு விளக்கினார். "நம்ம திருவிழா கச்சேரி மாதிரின்னு சொல்லுங்க" என்று அம்மா முடித்துவிட்டாள். சின்ன வயதில் சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகி, பிறகு சந்தை, மதுக்கடை, அறுவடைத் திருவிழா என்று நான்கு நண்பர்களோடு வேனில் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த ஒரே போட்டோவில் நால்வரும் பல் தெரியச் சிரிக்க, ஓரத்தில் இவருடைய அரைத் தோள் மட்டும் விழுந்திருந்தது. "நான் வாசிக்கறது யாருக்கும் கேக்காது. நிறுத்தினாதான் கேக்கும்" என்பார். டீக்கடையிலும் அம்மாவிடமும் கற்ற தமிழ். ஜாஸ்தி, கம்மி எல்லாம் எங்களைவிடச் சரளமாக வரும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசிக்க உட்காருவார். முழுப் பாட்டை ஒருநாளும் வாசித்ததில்லை. தன் பங்கை மட்டும் வாசித்து நிறுத்துவார்; அது பாடகர் பாட வேண்டிய இடம். பிறகு கொஞ்சம் வாசிப்பு, பிறகு கிட்டாருக்கு ஓர் இடைவெளி. எதிரே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், நண்பர்கள் மேடையில் நின்ற வரிசையில். அவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஒரு பனிக்காலத்தில் வேனில் கீபோர்டுக்கு இடம் போதாமல், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று இவர் பின்தங்கியிருக்கிறார். லாரியில் மோதிக் கிடந்த வேனை அந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறார். கத்தரிக்காய் விலை சொல்வதுபோல இதைச் சொன்னார். அழுதது அம்மாதான்.

அந்த இடைவெளிகள் கீழே எங்களுக்கும் பழகிவிட்டன. மேலே வாசிப்பு நின்றால் பாத்திரம் கழுவும் அம்மாவின் கை நிற்கும், தொடங்கினால் ஓடும். அவர் விரல் விழுவதற்கு முன்பே, இடைவெளி முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கேட்டே இராத பாட்டு எங்கே முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் கேட்டேன். "எனக்கும்தான் தெரியுது. வாய மூடு" என்றாள்.

அக்காவின் வளைகாப்புக்குப் பந்தல் கடையிலிருந்து வந்த நாற்காலிகள் போதவில்லை. அங்கிளிடம் கேட்டு அவருடையதையும் இறக்கினோம். விசேஷம் முடிந்ததும் மாமா அவற்றை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒரே தூக்காக மாடியில் வைத்துவிட்டு வந்தார். செருகிய நாற்காலியில் நான்கு எது, ஐந்து எது என்று யார் பார்க்கிறார்கள்? மறுநாள் பந்தல்காரர் வந்து "ஒரு சேர் கம்மியா இருக்குங்க" என்ற பிறகுதான் அம்மா மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஐந்தையும் பிரித்துப் போட்டிருந்தார். சிவப்பு எழுத்து நாற்காலி பாடகருக்கும் கிட்டார்காரருக்கும் நடுவில் இருந்தது.

"அது கடைக்காரரோடது சார். தப்பா வந்துடுச்சு" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. வேன்ல இப்போ இடம் இருக்கு."

வருஷம் தவறாமல் முன்னோருக்குப் படையல் போடுகிறவள் அம்மா. "செத்தவங்களுக்கு இலை போட்ட வரிசையில உயிரோட இருக்கறவங்க உக்காரலாமா? வேணாம் சார், குடுத்துடுங்க" என்று நாற்காலியின் ஒரு கையைப் பிடித்தாள். அவர் மறு கையைப் பிடித்தார். இருவரும் இழுக்கவில்லை, பிடித்தபடி நின்றார்கள். கடைசியில் அம்மாதான் விட்டாள். அன்று முதல் மோர், முறுக்கு என்று ஏதாவது சாக்கு சொல்லி மாடி ஏறினாள். அந்த நாற்காலியைத் தூக்கிவரத்தான். அவர் அறையைவிட்டு நகரவே இல்லை.

அதன்பிறகு வாசிப்பில் புதிதாக ஓர் இடைவெளி சேர்ந்தது. வாசிப்பு நிற்கும், தரையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். எழுந்து போய் அங்கே உட்கார்கிறார் என்று புரிந்தது. பிறகு திரும்பி வந்து தொடர்வார். இது எப்போது முடியும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மதியம் வாசிப்பு நின்றது. நாற்காலி நகர்ந்தது. நாங்கள் காத்திருந்தோம். அம்மாவின் கையில் சோப்பு நுரை காய்ந்தது. "இன்னும் அவங்க முறை முடியல போல" என்றாள். நானும் தலையாட்டினேன். ஐஸ் வண்டி போயிற்று, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வேறு வீடாக இருந்தால் யாராவது ஏறிப் பார்த்திருப்பார்கள். நிறுத்தினால்தான் கேட்கும் என்று சொன்ன மனிதர் நிறுத்திவிட்டார், எங்களுக்குக் கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்த அப்பாதான் மேலே போனார். அங்கிள் ஐந்தாவது நாற்காலியில், கீபோர்டைப் பார்த்தபடி இருந்தார். கீபோர்டின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது, முன்னாலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அம்மா அதை இன்றுவரை நம்பவில்லை.

அந்த வீடு இப்போது கஃபே ஆகிவிட்டது. அம்மா என்னோடு வேங்கிக்காலில் இருக்கிறாள். முழங்கால் வலி, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

போன மாதம் ஒரு மதியம், மழை வருகிறதே என்று துணி எடுக்கப் போன நான், அசதியில் யோசிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மலை மங்கலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கால் தாளம் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஓர் இடத்தில் அது தானாக நின்றது. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தமும் அதே இடத்தில் நின்றது.

அம்மா காத்திருக்கவில்லை. சுவரைக்கூடப் பிடிக்காமல் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "எந்திரிடி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்து நின்ற பிறகும் அவள் கையை விடவில்லை.