சும்மா ஓடிய ஜெய்னம்பு அக்கா

"மல்லிகா, ஜெய்னம்பு நம்மள விட்டுப் போயிட்டாம்மா" என்று ஜெய்னம்பு அக்காவின் கணவர் மைதீன் பாய் போனில் சொன்னபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இரவு படுத்தவர் காலையில் எழவில்லையாம். அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. செருப்பும் போடாமல் தெருவில் இறங்கி ஓடினேன். டீக்கடையில் இருந்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைக்கார அண்ணன் வழக்கம்போல் கையைத் தூக்கி, "இன்னைக்கு வேகமால்ல இருக்கு!" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊரை அப்படிப் பழக்கிவைத்தது அக்காதான். எங்கள் உத்தமபாளையத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி ரோட்டில் ஓடினால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பொருள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஓடிய முதல் நாள் அந்த டீக்கடையே திரண்டு எங்கள் பின்னால் வந்தது. ஒருவர் பைக்கைக் கிளப்பி, "ஏறு தாயி, யாருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கா?" என்றார். அக்கா நின்று, பர்தாவைச் சரிசெய்துகொண்டு, "யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான் ஓடுறோம்" என்றார். அவர் நம்பவில்லை. வெகுதூரம் வரை வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தார். அதன்பிறகு கடை வருவதற்கு முன்பே அக்கா கையை ஆட்டி, "சும்மாதாண்ணே!" என்று குரல் கொடுத்துவிடுவார்.

அக்காவைத் தெரிந்து இதைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் அவர் தையல்காரர். உங்களில் பாதிப் பேரின் கல்யாண ஜாக்கெட் அவர் தைத்ததுதான். எனக்கு அவர் பழக்கமானது வாய்க்கால் கரையில். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியதில், போன் வீடியோவில் காட்டியபடி தலைதெறிக்க ஓடி, ஒரு தென்னந்தோப்பு ஓரமாக இரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பர்தாவும் கேன்வாஸ் ஷூவுமாக ஓர் அம்மா வந்தார். ஓட்டமா நடையா என்று பிரித்துச் சொல்ல முடியாத வேகம். மேய்ச்சலுக்குப் போன எருமை அவரை முந்திக்கொண்டு போனது.

"எவன் துரத்துறான் ஒன்னைய?" என்று கேட்டார். "எந்திரி, என்கூட வா. பேசிக்கிட்டே வரணும். பேச்சு நின்னா ஓட்டத்தக் கொறச்சிரு."

அன்று பேசத் தொடங்கியதுதான். அனுமந்தன்பட்டிப் பக்கமுள்ள பாலம் வரை போவோம், திரும்புவோம். எந்தத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் பூத்திருக்கிறது, எந்த வயலில் நாற்றுக்குத் தண்ணீர் நிற்கிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டே ஓடலாம். கரை ரோட்டில் ஏறும் இடத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகும் ஜீப்புகள் எதிர்ப்படும். "எங்களுக்கும் சேத்து ஓடுங்கக்கா!" என்று உள்ளிருந்து கத்துவார்கள். அக்கா அதற்காகவே அங்கே நின்று கையாட்டுவார். "நாள் பூரா மெஷின்ல காலு ஓடிக்கிட்டேதான் கெடக்கு. ஒரு இடத்துக்கும் போகல. காலைலயாச்சும் எங்கனயாவது போயிட்டு வாரேன்" என்பார்.

ஒருமுறை தேனியில் நடந்த ஓட்டப்பந்தயத்துக்கு அவரை நான்தான் வம்பாக இழுத்துப் போனேன். கடைசியாக வருபவர் பின்னால் ஆம்புலன்ஸ் வருவது அங்கே வழக்கம். அக்கா பின்னால் அது ஊர்ந்துகொண்டே வந்தது. கொஞ்ச தூரம் பொறுத்தவர் திரும்பி, "தம்பி, பின்னாடி வந்தா பயமா இருக்கு, பக்கத்துல வா" என்றிருக்கிறார். அதன்பின் இருவரும் பேச்சுதான். பரிசெல்லாம் கொடுத்து, பந்தலைப் பிரிக்கும்போது அக்கா வந்து சேர்ந்தார். முகமெல்லாம் பூரிப்பு. டிரைவரின் தங்கை கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க ஆர்டர் வாங்கிவிட்டாராம்.

அப்படிப்பட்டவரை, இறந்த அன்று மதியமே ஆண்கள் வேக வேகமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் முறை, எனக்கும் தெரியும். ஆனாலும் வாசலில் நின்று பார்க்க முடியவில்லை. கொஞ்சம் மெதுவாகப் போங்களேன் என்று கத்திவிடுவேனோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

உள்ளே ஒரு பெரியம்மா, "ஓடி ஓடித்தான் உசுர விட்டுட்டா. இந்த வயசுல பொம்பளைக்கு ஓட்டம் எதுக்கு?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலேயே யாரோ இப்படிச் சொன்னது மைதீன் பாய் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் என் கணவர், "இனி ஓட்டம் வேண்டாம்" என்றார். நானும் சரி என்றேன். ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அக்காவோடு அதுவும் போய்விட்டது என்றே இருந்தேன்.

அக்காவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் காலை என்னவோ தோன்றி, ஷூவை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். நின்றேனே தவிர கால் எழவில்லை. அங்கே மைதீன் பாய் கைலியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஓடலையாம்மா?"

"பயமா இருக்குண்ணே. அன்னைக்கு எல்லாரும் சொன்னாகல்ல..."

"சொல்றவுக சொல்லட்டும். எனக்கு அன்னைக்கு வாய் வரல." கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஓடிட்டு வந்து வாசல்ல நின்னு ஒரு சிரிப்புச் சிரிப்பா பாரு. இத்தன வருசக் குடித்தனத்துல நான் அந்தச் சிரிப்ப அவளுக்குக் குடுத்ததில்லம்மா. நீங்க போற வழிய எனக்குக் காட்டு. அவ என்னத்தப் பாத்தான்னு நானும் பாக்கணும்."

அவருக்கு முழங்கால் வலி. ஓட முடியாது, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். நான் ஓடத் தொடங்கினேன். அவர் நடை என் பக்கத்திலேயே வரும்வரை ஓட்டத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். கூட வருகிறவர் பின்தங்கிவிடாத அந்த வேகம்தான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. ஒரு திராட்சைப் பந்தலைக் காட்டி, இங்கே நின்றுதான் அக்கா பூவை மோந்து பார்ப்பார் என்றேன். பாய் அந்த இடத்திலேயே நின்று, தோளில் கிடந்த துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். நானும் நின்றேன். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.