கிராம சபையில் நான் சொன்ன வேடிக்கை

நான் ஊரைச் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பில் என் மருமகளின் கால் போயிற்று.

ஊரில் கேட்டால் டூரிஸ்ட் கார் இடித்தது என்பார்கள். இடித்தது கார்தான். ஆனால் அவள் ஒதுங்குவதற்கு அங்கே ஓர் அடி இடம்கூட இல்லாமல் போனது யாரால்? அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளுடைய அம்மாவின் கதைதான்... எதையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் அரவேணுவுக்கு இந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிறோம். மருமகள் செல்விக்குக் கீழே கடைவீதியில் அங்கன்வாடி வேலை. பஸ் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேத்திக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிளை இவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அந்தச் சைக்கிள்களைப் பலரும் கீழே மேட்டுப்பாளையத்தில் விற்றுவிடுவார்கள். விற்காததில் ஈரத்துணி காயும். இவளோ சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்! காலையில் இறக்கத்தில் ஓட்டம், சாயங்காலம் மேட்டில் தள்ளல். கேரியரில் எனக்கு பாய் கடை பருப்பு வடை வரும். அந்த வடையைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். போகட்டும்.

ரிசார்ட்டுகள் வந்த பிறகு எங்கள் ஊராட்சி ரோடு கார்களுக்குக் குறுக்குவழி ஆகிவிட்டது. ஒருநாள் வளைவில் விறகு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேன் செல்வியை ஓரம் கட்டியது. மூடியில்லாத சாக்கடையின் விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள். வேன் நிற்காமல் போய்விட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்!

அதனால்தான் கிராம சபைக்கு என்னையும் கூட்டிப்போனாள். “நீங்க பாத்தத ஒரு வார்த்த சொல்லுங்க அத்தை. உங்க பேச்சுன்னா கேப்பாங்க” என்றாள்.

சபையில் எழுந்து அழகாகப் பேசினாள். ரோட்டோரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கோடு போட்டு இடம் விட வேண்டும், வளைவில் சாக்கடைக்கு மூடி போட வேண்டும், காரின் வேகம் குறைய மேடு கட்ட வேண்டும் என்றாள். தலைவர் தலையாட்டிக் கேட்டார். தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். ஊர் முழுக்க அவளையே பார்த்தது.

என்னை யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் என்றால் வாய் எனக்குத்தான். கல்யாண வீடோ, ரேஷன் கடை வரிசையோ, நான் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு மாதிரி. அன்றைக்கு என் இடம் என் மருமகளிடம் போய்விட்டதாகத் தோன்றியது... இவ்வளவு அற்பமான காரணமா என்று கேட்கிறீர்களா? இவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பி, “ஆத்தா, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“ஏனுங்க தலைவரே, போறப்ப சைக்கிளு இவளச் சொமக்குது. வாறப்ப இவ சைக்கிளச் சொமக்கறா. ரெண்டுக்கும் கணக்கு நேராப் போச்சு. இதுக்கு எதுக்குங்க தனி ரோடு?”

அப்படி ஒரு சிரிப்பு! தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, தீர்மானத்தில் எதையும் எழுதாமலே, அடுத்து தெருவிளக்கு என்றார். செல்வி உட்கார்ந்துவிட்டாள். வேனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பாதி மேட்டில் நின்றாள். “கையில இருக்கற பையக் கேரியர்ல வெச்சுருங்க அத்தை. உங்களுக்கு மூட்டு வலி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மறந்திருப்பேன்...

மழைக்காலத்தில், மூடுபனியில், அதே வளைவில் கார் இடித்துச் சாக்கடைக்குள் விழுந்தாள். முழங்கால் நொறுங்கிவிட்டது. குன்னூருக்குக் கொண்டுபோய்க் கம்பி வைத்தார்கள். இப்போது இழுத்து இழுத்து நடக்கிறாள். வடை மட்டும் இன்னும் வாங்கி வருகிறாள். என்னால் தின்ன முடியவில்லை.

அதன் பிறகு எந்தக் கிராம சபையையும் நான் விட்டதில்லை. போன முறை எழுந்து, “சைக்கிளுக்கு ஓரமா எடம் விடுங்க சாமி” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “ஆத்தா, கணக்குத்தான் நேராப் போச்சே” என்றான். மறுபடி அதே சிரிப்பு. நான் அழுதுகொண்டே வேன் கதையைச் சொன்னேன். அதையும் வேடிக்கையின் அடுத்த பாகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேளுங்கள்... பழக்க தோஷம், என் உதடும் ஒரு நொடி சிரித்துவிட்டது.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து இப்படி இடம் கேட்டால், தயவுசெய்து அவள் பக்கத்தில் எழுந்து நில்லுங்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். என்னைப் போல ஒரு கிழவி வாயைத் திறந்தால் சிரிக்காதீர்கள்.

செல்வியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், பரவாயில்லை அத்தை என்று சொல்லிவிடுவாளே! அந்த வார்த்தையை வாங்க எனக்கு என்ன யோக்கியதை?

சைக்கிள் இப்போது பேத்தி கையில். கீழே தையல் வகுப்புக்குப் போகிறாள். எழுதி முடித்ததும் கிளம்பிவிடுவாள். வளைவைத் தாண்டியதும் பெல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடிப்பாள். ஆனால் காற்று எதிர்ப்பக்கமாக வீசினால் மேலே எனக்குக் கேட்காது. இன்றைக்குக் காற்று அப்படித்தான் வீசுகிறது.