நாரைகள் எழும்பிய படம்

சிறுவயதில் பறவைகள் எல்லாம் என் மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. சென்னையிலிருந்து பெரிய பெரிய கேமராக்களோடு வருகிறவர்கள் தங்கள் கார்களை உத்திரமேரூரில் விட்டுவிட்டு என் அப்பாவின் ஜீப்பில் ஏறுவார்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஏரிக்கரை வரைக்கும் ஜீப்தான் போகும். கரையில் இறங்கியதும் நைனாவின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் மாமாதான். அம்மாவின் தம்பி. எந்தப் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்து அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

அந்த வருஷக் கோடையில் ஏரியில் லாரிகள் இறங்கி மண் அள்ளின. ஊரில் எல்லோரும் பார்த்தோம். எங்கே எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதைத் தண்ணீர் வந்து மூடிவிட்டது.

மார்கழியில் ஒரு ஞாயிறு. ஏரி நடுவில் இருந்த மண்திட்டுக்குப் போனால் நாரைகளைக் கிட்டத்தில் எடுக்கலாம் என்று வந்தவர்களுக்கு ஆசை. முழங்கால் தண்ணீர்தான், எதற்கும் நான் முதலில் போய்ப் பார்க்கிறேன் என்று மாமா இறங்கினார். திரும்ப ஒருமுறை நடக்க வேண்டாமே என்று ஒருவருடைய கேமராப் பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் பார்த்தது நைனா வீட்டுக்கு வந்ததைத்தான். வாசலில் ஜீப் நின்றது. இன்ஜினை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை சேறு.

"தம்பி எங்க?" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரில கீறான்."

"இன்னா ஆச்சி?"

நைனா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு எதற்கு அழுகிறாள் என்று அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

காரியத்துக்குப் பேனர் அடிக்க மாமாவின் படம் தேவைப்பட்டது. வீட்டில் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகியிருந்தால் ஒரு ஆல்பமாவது இருந்திருக்கும். ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியபோது வேறு யாரோ வந்தார்கள். நைனா போனை எடுத்து, ஜீப்பில் வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள், தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

"இத்தினி வருசமா அவுங்க கூடவே சுத்திக்கினு இருந்தான். ஒருத்தர் கூடவா என் தம்பி மூஞ்சிய எடுக்கல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆதார் படத்தையே போட்டோம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, அன்றைக்கு வந்தவர்களில் தாடி வைத்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம்.

"எல்லாத்தையும் தேடிட்டேன் டிரைவர். அவர் முகம் எதுலயும் இல்ல. இது அன்னிக்கு எடுத்தது. அவர் காட்டினதுதான்..." என்று படத்தை நைனாவிடம் நீட்டினார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவ்வளவு அழகான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நாரைகள் மொத்தமாக வானத்தில். விரிந்த இறக்கைகளில் வெயில் பட்டு, ரோஜா நிற இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன. நைனா அதை வாங்கித் திருப்பிப் பரண்மேல் வைத்தார். நான் அழுது அடம்பிடித்தேன். அம்மாதான் எடுத்து நடுக்கூடத்தில் மாட்டினாள். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, எங்கள் மாமா காட்டிய நாரை என்று பெருமையாகக் காட்டினேன்.

அதிலிருந்து நைனா கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்துகொள்வார். அம்மாவோடு ஏதோ சண்டை என்று நினைத்தேன். அடுத்த ஐப்பசிக்குள் ஜீப்பையும் விற்றுவிட்டு ஒரு கம்பெனி பஸ் ஓட்டப் போனார்.

காலேஜில் சேர்ந்த பிறகுதான் ஒருநாள் அவரிடம் கேட்டேன், அந்தப் படத்தின்மேல் அப்படி என்ன கோபம் என்று.

"அவன் பள்ளத்துல வுழுந்து கத்துன சத்தத்துலதான் அதுங்க எழும்புச்சிம்மா. எல்லாரும் மேல பாத்து எடுத்துக்கினு இருந்தாங்க. கரையில நின்னுக்கினு நானும் மேலதான் பாத்துக்கினு இருந்தேன்."

படத்தின் அடியில், நாரைகளின் கால்களுக்குக் கீழே, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் தெரியும். கூடத்தில் தினமும் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். நாரைகளை எண்ணத்தான் எனக்குத் தோன்றியது. அத்தனையும் ஒரே நேரத்தில் எதற்கு எழும்பின என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.